பாலஸ்டியர் திடல்கள் நமக்குச் சொல்வது

ஒரு விளையாட்டுக் கழகத்தின் பெருமையை எதை வைத்து அளப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. வாங்கிய கோப்பைகளையா, வளர்த்துவிட்ட மனிதர்களையா?

லிட்டில் இந்தியாவிலிருந்து சிராங்கூன் ரோட்டு வழியாக வடக்கே போனால் பாலஸ்டியர் ரோடு பிரியும். ஒரு காலத்தில் அமெரிக்கத் தூதர் ஜோசப் பாலஸ்டியர் கரும்பு பயிரிட்ட பகுதி அது. இந்தியர் சங்கமும் சிலோன் விளையாட்டுக் கழகமும் அங்கேதான் இருக்கின்றன. அருகில் டெசன்சன் ரோட்டில் சீக்கியர்களின் கால்சா சங்கம். இவை ஏன் உண்டாயின?

அதற்குப் பாடாங் திடலுக்குப் போக வேண்டும். 1852-ல் தொடங்கிய சிங்கப்பூர் கிரிக்கெட் கழகம் அன்று ஐரோப்பியர்களின் கோட்டை. மற்றவர்கள் வேலியோரம் நின்று பார்க்கலாம், உறுப்பினராக முடியாது. யுரேஷியர்கள் 1883-ல் தங்களுக்கென்று ஒரு கழகம் கண்டார்கள். சீனர்கள் 1885-ல் கண்டார்கள். இந்தியர் சங்கம் 1923-ல் பிறந்தது. இலங்கையர் 1928-ல் தொடங்கினார்கள். கால்சா சங்கம் 1931-ல் வந்தது. அலுவலகங்களில் குமாஸ்தா வேலை பார்த்தவர்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் கூடி உருவாக்கிய அமைப்புகள் இவை. இந்தியர் சங்கக் கட்டடத்துக்கு 1950-ல் அடிக்கல் நாட்டியவர் பண்டித ஜவஹர்லால் நேரு.

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் 1888-ல் எம்.டி.கே. என்ற கழகம் தொடங்கப்பட்டது. வாள்வீச்சுக்கும் உடற்பயிற்சிக்கும் என்று ஆரம்பித்தார்கள். கால்பந்து 1901-ல்தான் சேர்ந்தது. யூதர்கள் ஆதரித்து வளர்த்த கழகம் என்பதால் 1940-களின் தொடக்கத்தில் அதை முடக்கினார்கள். போர் முடிந்ததும் அது மீண்டும் எழுந்தது. 1953-ல் லண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை ஹங்கேரி 6-3 என்று வீழ்த்தியதே, அந்த ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட ஹிதெக்குட்டி அந்தக் கழகத்து வீரர்தான். முடக்கப்பட்ட ஒரு கழகம் நாட்டுக்கே பெருமை தேடித் தந்தது.

ஒரே கூரையின் கீழ் பல விளையாட்டுகள் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. எந்தப் பிள்ளைக்கு எது வரும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. நம் சி. குணாளனை எடுத்துக்கொள்ளுங்கள். கால்பந்து ஆடிக்கொண்டிருந்த இளைஞர். அவருடைய கால்களில் ஓர் ஓட்டக்காரர் ஒளிந்திருப்பதைக் கண்டுகொண்டவர் பயிற்றுநர் டான் எங் யூன். 1966-ல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் வெள்ளிப் பதக்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 10.38 விநாடி. அந்தத் தேசியச் சாதனையை 2001-ல் யு.கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடி முறியடிக்க 33 ஆண்டுகள் ஆயின. பார்க்கத் தெரிந்த ஒரு கண் இல்லாதிருந்தால் இந்த வரலாறு ஏது?

"பல இனங்கள் ஒன்றாக வாழும் சிங்கப்பூரில் இனத்தின் பெயரால் கழகம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பாலஸ்டியர் திடலிலேயே கிடைத்தது. 2019 ஜூலையில் டி20 உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிப் போட்டிகள் இந்தியர் சங்கத் திடலில் நடந்தன. நேப்பாளம் உட்பட ஐந்து நாடுகள் மோதியதில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில், அதே திடலில், டெஸ்ட் ஆடும் நாடான ஜிம்பாப்வேயைச் சிங்கப்பூர் நான்கு ஓட்டங்களில் தோற்கடித்தது. அப்படிப்பட்ட நாட்டை நாம் வென்றது அதுவே முதல்முறை. அணித்தலைவர் அம்ஜத் மெகபூப். அந்த அணியில் ஆடிய டிம் டேவிட் பின்னர் ஆஸ்திரேலியாவுக்கே ஆடப் போனார். ஒரு சமூகத்துக்காக உண்டான திடல், நாடு முழுவதற்கும் உரிய திடலாகிவிட்டது.

ஆனால் இன்றைய வீடுகளின் நிலை என்ன? சனி, ஞாயிறு என்றால் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு. மிச்ச நேரம் கைத்தொலைபேசிக்கு. நிலம் அருமையாகிவிட்ட இந்தத் தீவில், ஆளில்லாத திடலுக்கு எத்தனை காலம் இடம் கிடைக்கும்? அடுத்த கட்டடத் திட்டம் வரும்போது, "இங்கே யார் விளையாடுகிறார்கள்?" என்ற கேள்வி எழத்தான் செய்யும். பழைய புகைப்படங்களைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது.

கழகங்களும் உணவகத்தையும் விருந்து மண்டபத்தையும் மட்டும் நம்பியிராமல், அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை, எந்த இனத்தவராயினும், திடலுக்கு அழைக்க வேண்டும். பெற்றோர்களே, வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். நம் தாத்தாக்களுக்கு மறுக்கப்பட்டது விளையாட ஓர் இடம். அந்த இடம் இன்று நம்மிடம் இருக்கிறது. அதை வெறுமையாக விடலாமா? நீங்களே சொல்லுங்கள்.