வலிப்பின் முதல் நொடிகள்: அறுவைக்கு முந்தைய மூளைப் படப்பிடிப்பும் மலையூர்ச் சாட்சியமும்

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயில், வலிப்பு கிளம்பும் இடத்தைக் கண்டறிந்து அதை மட்டும் அகற்றுவதே அறுவையின் நோக்கம். அவ்விடத்தைத் தேடும் வழிகளுள் ஒன்றான, வலிப்பு நேரத்து ஸ்பெக்ட் படப்பிடிப்பின் மதிப்பு ஊசி ஏறும் நொடியைப் பொறுத்தது என்பதும், அடிவாரத்திலுள்ள காரவள்ளிக்கு மேலுள்ள கொல்லிமலை ஊர்களிலிருந்து வருபவரின் பொருட்டு அந்நொடிக்கான ஆயத்தம் வீட்டிலேயே தொடங்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வலிப்பின்போது மிகையாக இயங்கும் மூளைப்பகுதிக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தை அவ்வேளையில் சிரைவழி செலுத்தினால், அது ஓரிரு நிமிடங்களுக்குள் இரத்தம் பாய்ந்த அளவுக்கேற்ப மூளைத் திசுவில் படிந்து, அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே வலிப்பு அடங்கிச் சில மணி நேரம் கழித்து ஸ்பெக்ட் படம் எடுத்தாலும், தெரிவது வலிப்பு நேரத்து மூளையே. வலிப்பற்ற நாளில் எடுத்த படத்தை இதிலிருந்து கழித்து, மிச்சத்தை எம்.ஆர்.ஐ. படத்தின்மேல் பொருத்திப் பார்க்கும் முறை சிஸ்காம் எனப்படும்.

காமிரா காத்திருக்கும், ஊசிக்கு அந்தச் சலுகை இல்லை. வலிப்பு தொடங்கிய இடத்திலிருந்து சில நொடிகளிலேயே அண்டைப் பகுதிகளுக்குப் பரவுவதால், தாமதித்த ஊசி பரவிய இடத்தையே ஒளிரச் செய்து மருத்துவரை ஏமாற்றக்கூடும். டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைவதால், காலை 8 மணிக்கு அளந்த மருந்தைப் பிற்பகல் 2 மணிக்குச் செலுத்த நேர்ந்தால் இரு மடங்கு அளவு வேண்டும். வீடியோ இ.இ.ஜி. அறையில், மாத்திரைகள் குறைக்கப்பட்ட நோயாளியின் கட்டிலருகே, ஈயக் கவசமிட்ட சிரிஞ்சோடு செவிலியர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் நரம்பியல் அறுவைத் துறையை நிறுவிய ஜேக்கப் சாண்டி, ஸ்பெக்ட் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1950களில் வலிப்புக்கு அறுவை செய்தார். பொட்டுமடலின் உட்புறத்திலுள்ள ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பேறியவர்களில் பெரும்பாலோருக்கு எம்.ஆர்.ஐ.யும் வீடியோ இ.இ.ஜி.யுமே போதும். படத்தில் பழுது தெரியாதபோதும், இரு பழுதுகள் தெரிந்து எது குற்றவாளி எனப் புலப்படாதபோதும்தான் ஸ்பெக்ட் கைகொடுக்கிறது. பின்னது நம் நாட்டில் அரிதன்று: பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் செத்துச் சுண்ணாம்பேறிய புள்ளியும், சுருங்கிய ஹிப்போகாம்பஸும் ஒரே தலையில் சேர்ந்திருப்பதுண்டு.

கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிக் காரவள்ளியை அடைந்து, அங்கிருந்து பெருநகர மருத்துவமனைக்குப் போய்ப் பல நாள் தங்க வேண்டிய ஒருவரைத் தக்க காரணமின்றி இச்சோதனைக்கு அழைப்பது முறையாகாது. அந்தக் காரணத்தை முடிவுசெய்ய உதவுவது உறவினர் கைபேசியில் எடுக்கும் காட்சி. பொட்டுமடல் வலிப்பில் ஒரு கை முறுக்கி விறைத்தால், வலிப்பு பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையிலிருந்து கிளம்புகிறது எனலாம். ஆனால் வலிப்பு கண்டதும் இரும்புச் சாவிக்கொத்தைக் கையில் திணித்து விரல்களை மூடிப் பிடிப்பது தமிழகமெங்கும் உள்ள வழக்கம். அதனால் வலிப்பு நிற்பதில்லை, கையின் முறுக்கு மட்டும் மறைந்துபோகிறது. சாவியின்றி, முகமும் இரு கைகளும் தெரிய, முதல் அசைவிலிருந்து எடுத்த காட்சி பின்னர் வார்டிலும் பயன்படும். வாய் சப்புவதா, வெறித்த பார்வையா, எந்த அறிகுறி கண்டதும் ஊசியை அழுத்த வேண்டும் என்பதைச் செவிலியர் அதைப் பார்த்தே முன்கூட்டி அறிந்துகொள்ள முடியும்.