உயிருக்கு யார் பொறுப்பு?

வரலாறு என்றவுடன் போர்களும் முடிசூட்டு விழாக்களும் உங்கள் நினைவுக்கு வருகின்றன. போர்க்களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டிய மரபு நம்முடையது. ஆலையிலும் சுரங்கத்திலும் மடிந்தவனுக்குக் கல் நாட்டியவர் யார்? காலையில் வேலைக்குப் போனவன் மாலையில் திரும்பவில்லையென்றால், அவன் விதி முடிந்தது என்று ஊர் சொல்லிற்று. சட்டமும் நெடுங்காலம் ஏறத்தாழ அதையே சொல்லிற்று. அந்தச் சொல் எவ்வாறு மாறியது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம் காரைக்காலிலிருந்தே தொடங்குவோம். 1739 முதல் 1954 வரை, ஆங்கிலேயர் இடையிடையே கைப்பற்றிக்கொண்ட காலம் நீங்கலாக, பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது. பிரெஞ்சு உரிமையியல் சட்டம் வகுத்த முறைப்படி இறப்புப் பதிவில் இறந்தவரின் பெயர், வயது, தொழில், இறந்த நாள், இடம் ஆகியவை இருக்கும். இறந்த காரணம் இராது. வன்முறைச் சாவாயினும் தூக்குத் தண்டனையாயினும் அதைக் குறிக்கலாகாது என்றே சட்டம் விதித்தது. குடும்பத்தின் மானம் காக்கும் நல்ல நோக்கம்தான். ஆயினும் அதன் விளைவைப் பாருங்கள். ஒருவன் என்ன தொழில் செய்தான் என்பதை ஏடு சொல்லும். அத்தொழிலே அவனைக் கொன்றதா என்பதைச் சொல்லாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1853இல் மர்த்தினிக்கை அடைந்த ‘ஒரேலி’ என்னும் கப்பல் அத்தீவுக்கு இந்தியரைக் கொண்டுசென்ற முதற் கப்பல். கரும்பாலையின் உருளைகளுக்கு இடையே கரும்பைச் செலுத்துபவனின் விரல் சிக்கினால் கையும், கையோடு உடலும் உள்ளே இழுக்கப்படும். வொல்த்தேர் 1759இல் வெளியிட்ட ‘காந்தீத்’ கதையில், ஆலையில் கை இழந்த அடிமை ஒருவன் வருகிறான். அடிமை முறை 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் ஒழிந்தது, உருளைகள் ஒழியவில்லை.

இனி, சட்டம் என்ன சொல்லிற்று என்பதைக் காண்போம். 1837இல் இங்கிலாந்தில் கசாப்புக் கடைப் பணியாள் ஒருவன், அளவுக்கு மீறிச் சுமையேற்றிய வண்டி முறிந்ததால் தொடையெலும்பு உடைந்து, தன் எசமான் மீது வழக்குத் தொடுத்தான். அவன் தோற்றான். வேலையை ஏற்றவன் அதன் இடரையும் ஏற்றவனே என்பது தீர்ப்பின் சாரம். இந்தியாவில் 1855இல் உயிரிழப்பு விபத்துச் சட்டம் ஒன்று வந்தது. ஆனால் இறந்தவரின் குடும்பம் எதிராளியின் தவற்றை மெய்ப்பித்தாக வேண்டும். ஆலைக்குள் ஒருநாளும் நுழைந்திராத கைம்பெண், எந்திரத்தின் குற்றத்தை எப்படி மெய்ப்பிப்பாள்? இந்தக் கேள்வியை நான் வகுப்பில் எழுப்பும்போதெல்லாம் மாணவர்கள் சற்று நேரம் மௌனமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

அந்தக் கேள்விக்குப் பிரான்சில் விடை கிடைத்தது. ‘மரீ’ என்னும் இழுவைக் கப்பலில் நீராவிக் கொதிகலனின் குழாய் வெடித்துத் தெஃப்பேன் என்ற இயந்திரப் பணியாளர் இறந்தார். பற்றவைப்பில் இருந்த குறையே காரணம். அக்குறை கண்ணுக்குத் தெரியாதது. கப்பல் உரிமையாளர் அதைச் செய்தவரும் அல்லர். அவரது மனைவி வழக்காடினார். 1896 ஜூன் 16 அன்று பாரிசின் மேல்முறையீட்டு உயர் மன்றம், ஒரு பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவன் அது விளைவிக்கும் கேட்டுக்கும் பொறுப்பாளி என்றது. குறை மறைந்திருந்தது என்பதும், கட்டியவன் செய்த தவறு என்பதும் அவனைக் காக்கமாட்டா. ஒரு கைம்பெண்ணின் வழக்கு ஒரு நாட்டின் சட்டச் சிந்தனையையே திருப்பிவிட்டது.

இரண்டே ஆண்டுகளில், 1898 ஏப்ரல் 9 அன்று, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் தொழில் விபத்துச் சட்டம் பிறந்தது. தவறு யாருடையது என்ற ஆராய்ச்சி வேண்டா. வேலையில் நேர்ந்த விபத்தானால் இழப்பீடு உண்டு. ஆனால் அதன் அளவு சட்டம் வகுத்த எல்லைக்குள் அடங்கும். இறந்தவரின் மனைவிக்கு அவருடைய ஆண்டு ஊதியத்தில் நூற்றுக்கு 20 பங்கு ஆண்டுதோறும் கிடைக்கும். தொழிலாளி முழு இழப்பீட்டை விட்டுக்கொடுத்தான். முதலாளி தவறு செய்யவில்லை என்னும் வாதத்தை விட்டுக்கொடுத்தான். செர்மனி 1884இலும், இங்கிலாந்து 1897இலும் இவ்வழியில் இறங்கியிருந்தன. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் அதே 1898இல்தான். புகைவண்டியை வியந்து பார்த்த நம் ஊரார், பாரிசில் பிறந்த சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது ஐயமே. பிரான்சிலும் உழவுத் தொழிலாளர் முழுமையாக அதன் நிழலுக்குள் வர 1922 வரை காத்திருந்தனர்.

பிரித்தானிய இந்தியாவில் 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கொதிகலன் சட்டமும் அதே 1923இல் வந்தது. தண்ணீர் நீராவியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகும். அந்த வலிமையை இரும்புச் சுவருக்குள் அடைப்பதே கொதிகலன். சுவர் தளர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமோ? நமக்கு அண்மையிலுள்ள நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020ஆம் ஆண்டு மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும், இரண்டு மாதங்களுக்குள் இருமுறை கொதிகலன் விபத்து நேர்ந்து தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர்.

கோலார் தங்க வயலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது தமிழ்த் தொழிலாளரின் வியர்வையால் ஆழப்பட்ட சுரங்கம். வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்றவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கினர். சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அத்தனை ஆழத்தில் பாறை மேலுள்ள பாரத்தைத் தாங்கி இறுகி நிற்கிறது. தாதுவை வெட்டியெடுக்க எடுக்க, அந்தப் பாரம் எஞ்சிய பாறையின் மேல் சாய்கிறது. ஒரு கணத்தில் பாறை தானே வெடித்துச் சிதறுகிறது, வெடிமருந்து வேண்டியதில்லை. மேலே ஊரிலுள்ள வீடுகளும் அதிரும். அந்த அதிர்வைக் கேட்ட பெண்கள் சுரங்க வாயிலை நோக்கி ஓடுவர் என்று அங்கு வாழ்ந்தவர்கள் சொல்வார்கள். வெடிப்பில் இறந்தவன் விபத்தில் இறந்தவனாகக் கணக்கில் ஏறினான். பாறைத் தூசியை ஆண்டுக்கணக்கில் மூச்சில் இழுத்து, நுரையீரல் இறுகி, வீட்டுத் திண்ணையில் இறந்தவன் நெடுங்காலம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது.

சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை வெடித்து 35க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளரே அல்லர். முதல் வெடிப்பைக் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார். போபாலில் 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்தபோதும் மாண்டவர்கள் ஆலைக்கு வெளியே உறங்கிக்கொண்டிருந்தவர்களே. அதன் பின்னர், தில்லியில் நேர்ந்த வேறொரு வாயுக் கசிவு வழக்கில், கொடிய ஆபத்துள்ள தொழிலை நடத்துபவர் எவ்வித விலக்கும் இன்றி முழுப் பொறுப்பாளி என்று நம் உச்ச நீதிமன்றம் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தெஃப்பேன் வழக்கில் தொடங்கிய எண்ணம் தொண்ணூறு ஆண்டுகளில் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களோ அதுவரை கண்ணுக்கே தெரியவில்லை. மூடிக் கிடக்கும் குழியில் உயிர்வளி குறைந்து நச்சுவாயு தங்கும். முதலில் இறங்கியவன் மயங்க, அவனைத் தூக்க இறங்கியவனும் மடிவான். 1993 முதல் இவ்வாறு இறந்தோர் குடும்பங்களைக் கண்டறிந்து ஒவ்வொன்றுக்கும் 10 இலட்சம் ரூபாய் தருமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகையைவிட, கண்டறிந்து கணக்கிடுங்கள் என்ற கட்டளையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இறுதியாக நம் கடற்கரைக்கு வருவோம். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் மீன்பிடிக்கச் செல்வோர் பலர் கூலி பெறுவதில்லை. பிடித்த மீனில் பங்கு பெறுகிறார்கள். 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளி யார் என்று முதலில் கேட்டது. பங்குக்காரனுக்கு முதலாளி யார்? தன் சொந்தப் படகில் போனவனுக்கு யார்? மீனவர்க்கென விபத்துக் காப்பீட்டுத் திட்டங்கள் பிற்காலத்தில் வந்தன. ஆயினும் கடல் உடலைத் திருப்பித் தராவிட்டால் இறப்புச் சான்றுக்கு வழியில்லை. ஏழாண்டுகள் செய்தி ஏதும் இல்லாதவரையே இறந்தவராகக் கருதலாம் என்பது நம் சான்றுச் சட்டத்தின் விதி. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரிக் கடலோரத்து மீனவர் பலர் காணாமற் போனபோது, அந்த ஏழாண்டுகள் கழியும் வரை காத்திராமல் அவர்கள் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் வழங்கியது. அது அந்தப் புயலுக்கென்று எடுக்கப்பட்ட முடிவு. புயல் ஏதும் இல்லாத ஓர் இரவில் தனியே தவறி விழுந்தவனின் மனைவிக்கு அந்த ஏழாண்டுகள் இன்னும் இருக்கின்றன.