தாமரையின் வகைப்பாட்டு வரலாறு

தாமரை இன்று புரோட்டியேல்ஸ் வரிசையில், நெலும்போனேசி என்னும் தனிக் குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது. அக்குடும்பத்தில் நெலும்போ என்ற ஒரே பேரினம். அதில் ஆசியத் தாமரை, வட அமெரிக்க மஞ்சள் தாமரை என இரண்டே சிற்றினங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அல்லியின் உறவாகவே கருதப்பட்டு வந்த செடி இது. தாவர வகைப்பாட்டில் கண்ணால் காணும் உருவமும் மரபணுவும் எப்படி ஒன்றுக்கொன்று துணைநிற்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளான்டாரம்' நூலில் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் சூலகத்தையும் கொண்டே செடிகளைப் பிரித்தார். தாமரை அல்லியின் பேரினமான நிம்ஃபேயாவிலேயே சேர்ந்தது. அடான்சன் 1763-இல் அதைத் தனிப் பேரினமாக்கினார். எனினும் பெந்தாமும் ஹூக்கரும் எழுதிய 'ஜெனரா பிளான்டாரம்' (1862–1883) அல்லிக் குடும்பத்துக்குள்ளேயே அதை வைத்தது. இந்தியத் தாவர நூல்கள் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. குரோன்குவிஸ்ட் 1981-இல் தனிக் குடும்பம் தந்தபோதும் அது அல்லியின் வரிசையிலேயே இருந்தது.

ஆனால் ஐயத்துக்கான காரணங்கள் குளத்திலேயே இருந்தன. அல்லி இலை நீரில் படிந்து மிதக்கும். காம்பு சேருமிடம் வரை பிளவு ஓடும். தாமரை இலையிலோ பிளவே இல்லை. நடுவில் காம்பு தாங்க, நீருக்கு மேலே எழுந்து நிற்கும். அதன் காம்பை ஒடித்தால் பால் வடியும். அல்லியில் சூலக இலைகள் ஒன்றிணைந்து ஒரே கனியாகும். தாமரையிலோ ஒவ்வொன்றும் தனித்தனியே, பம்பரம் போன்ற பூத்தளத்தின் குழிகளில் புதைந்திருக்கும். நுண்ணோக்கி இன்னும் அழுத்தமாகச் சொன்னது: தாமரையின் மகரந்தத்தூளில் மூன்று பிளவுகள். அது மெய் இருவித்திலைத் தாவரங்களின் அடையாளம். அல்லியில் அது கிடையாது. இவற்றைக் கண்ட தக்தஜான் போன்றோர் தாமரைக்குத் தனி வரிசையே வகுத்தனர். ஆயினும் அதன் நெருங்கிய உறவு எது என்று உருவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை.

விடை 1993-இல் வந்தது. மார்க் சேஸும் உடன் ஆய்ந்த பலரும் 499 விதைத்தாவரங்களில், ஒளிச்சேர்க்கை நொதியான ரூபிஸ்கோவின் பெரிய துணையலகை உருவாக்கும் பசுங்கணிக மரபணுவை ஒப்பிட்டனர். தாமரை அல்லியை விட்டு வெகுதூரம் விலகி, பிளேன் மரத்தோடும் புரோட்டியேசி குடும்பத்தோடும் நின்றது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் அந்தக் குடும்பத்து மரம்தான்! ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குழு 1998-இல் இந்த உறவை ஏற்று அவற்றைப் புரோட்டியேல்ஸ் வரிசையில் சேர்த்தது. அக்குழுவின் வகைப்பாட்டினுடைய 2016-ஆம் ஆண்டு நான்காம் பதிப்பிலும் அது நீடிக்கிறது. அல்லியோ பூக்கும் தாவரங்களின் அடிப்பகுதியில், அம்போரெல்லா என்னும் செடியை அடுத்துப் பிரிந்த, மிகப் பழைய கிளைகளுள் ஒன்றில் நிற்கிறது.

மரபணு வழிகாட்டிய பிறகு ஆய்வாளர்கள் மறுபடியும் செடியிடமே திரும்பினர். புரோட்டியேல்ஸ் வரிசையில் பெரும்பாலும் ஒவ்வொரு சூலக இலையிலும் ஒன்றிரண்டு சூல்கள் மட்டுமே இருப்பதும், முதிர்ந்த விதையில் முளைசூழ்தசை இல்லாததும் அல்லது சொற்பமாக இருப்பதும் இப்போது புதுப் பொருள் பெற்றன. தாமரை விதையை உடைத்தால் பருத்த வித்திலைகளுக்கு நடுவே பச்சை நிற முளை தெரியும். அல்லியின் சிறு விதையிலோ முளையைவிட அதைச் சூழ்ந்த சேமிப்புத் திசுவே மிகுதி. கண்முன்னே இருந்த இந்த வேற்றுமைகளுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை மரபணு ஒப்பீடே தெளிவாக்கியது. அதே சமயம், மரபணு வரிசை எந்தச் செடியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று இன்றும் உலர்தாவரத் தாளில் ஒட்டிய மாதிரியே. பெயரில் ஐயம் எழுந்தால் அந்தத் தாளை எடுத்துப் பூவையும் இலையையும் மீண்டும் சரிபார்க்கலாம்.