கருவாட்டில் எஞ்சும் நீர்: உப்பிடலின் வெப்ப இயக்கவியல்

தீவகத்தில் கருவாடு கெடாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படும்: வெயில் நீரை எடுக்கிறது, உப்பு கிருமியைக் கொல்கிறது. இரண்டும் பாதி உண்மையே. ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ நன்றாக உப்பிட்டுக் காயவைத்த கட்டாக் கருவாட்டை வளைத்துப் பாருங்கள்; தடித்த இடத்தில் சதை முறியாமல் இழுபடும். அதன் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நீர் எஞ்சியிருக்கலாம். அவ்வளவு நீர் இருந்தும் அது பாக்டீரியாவுக்கு ஏன் உதவுவதில்லை? நீரின் அளவு இதற்கு விடை தராது. அதன் ஆற்றல் நிலையே விடை தரும் என்பது என் வாதம்.

அந்நிலையை அளக்கும் எண்ணை நீர்ச் செயற்பாடு என்போம். தூய நீருக்கு அது 1. கடல்நீருக்கு ஏறக்குறைய 0.98, உப்பு நிரம்பிய கரைசலுக்கு 0.75. உப்பு கரையும்போது அயன்கள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சூழ நிறுத்துகின்றன, கலவையின் எந்திரப்பியும் கூடுகிறது. அதனால் நீரின் கட்டிலா ஆற்றல் தாழ்கிறது. நீர் உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கே செல்லும் என்பதால், உப்பிட்ட சதையில் ஒட்டிய பாக்டீரியா தன் கலத்து நீரை வெளியே இழக்கிறது. மீனை அழுகச் செய்யும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91இற்குக் கீழ் பெருகுவதில்லை.

தீவகத்தின் குடிநீர்த் துயரமும் இதே கணக்குத்தான். 0.98 என்பது அற்பக் குறைவாகத் தோன்றும். ஆனால் அதை ஈடுசெய்து கடலிலிருந்து நன்னீரைப் பிரிக்க 25 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும்.

புரதத்தின் பக்கம் வருவோம். உப்புக் குறைவாயிருக்கையில் தசைப் புரதமான மயோசின் நீரை ஏற்று வீங்கும். செறிவு மிகும்போது இயல்பிழந்து, ஒன்றோடொன்று திரண்டு நீரைக் கைவிடும். உப்புகள் முட்டைப் புரதங்களை வீழ்படியச் செய்யும் திறனில் ஓர் ஒழுங்கு உண்டு என்று பிராகாவில் பிரான்ஸ் ஹொஃப்மைஸ்டர் 1888இல் காட்டினார். மடிந்த புரதம் குலைந்த புரதத்தைவிட மோலுக்கு ஏறத்தாழ 20 முதல் 60 கிலோயூல் அளவே உறுதியானது. சில ஐதரசன் பிணைப்புகளின் பெறுமதிதான் அது. சூழ்ந்த நீர் மாறினால் மடிப்பும் மாறுவதில் வியப்பில்லை.

உப்பு எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என்ற கூற்றைக் கருவாட்டில் படியும் இளஞ்சிவப்புப் படலமே மறுக்கிறது. அதை உண்டாக்கும் உப்புநாட்ட நுண்ணுயிரிகள் கலத்துக்குள் பொற்றாசியம் குளோரைட்டைத் திரட்டி வாழ்பவை. அவற்றின் புரத மேற்பரப்பில் அசுப்பார்த்திக், குளுத்தாமிக் அமிலங்களின் எதிரேற்றங்கள் நிறைந்து நீரைப் பற்றிக்கொள்கின்றன. நன்னீரில் அந்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ள, அதே புரதங்கள் குலைந்துபோகும்.

0.75 என்ற எண்ணுக்கு மாரியில் இன்னொரு பொருள் உண்டு. காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். வாடைக்காற்றுக் காலத்தில் தீவகத்தில் அது வழமை. நன்றாகக் காய்ந்த கருவாடும் திறந்து கிடந்தால் அப்போது மீண்டும் ஈரமாகும். கழுவாத கடலுப்பிலோ மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கும்; அது 33 சதவீதத்திலேயே கசியும். ஆகவே களஞ்சியத்தின் ஈரப்பதனை அளப்பதும், உப்பிலிருந்து மகனீசியக் கசப்பை வடித்துவிடுவதும், மேலதிகமாக ஒரு நாள் வெயிலில் போடுவதைவிடப் பயன் தரும்.