பொருளின் விலையும் பணியின் விலையும்

ஆலைப் பொருள்களின் விலையைவிடப் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் விரைந்து ஏறுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண ஒரு மோட்டார்த் தொழிற்சாலையின் வரலாறு துணைசெய்யும்.

அமெரிக்காவில் 1908-ஆம் ஆண்டில் ஹென்றி போர்டு வெளியிட்ட ‘மாடல் டி’ வண்டியின் விலை 850 டாலர். 1913-இல் அவரது தொழிற்சாலையில், வண்டி நகர்ந்து வர, தொழிலாளர் நின்ற இடத்திலேயே உறுப்புகளைப் பூட்டும் முறை புகுந்தது. அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி பிடித்த வேலை, ஏறத்தாழ ஒன்றரை மணியில் முடிந்தது. 1914-இல் நாட்கூலி ஏறக்குறைய இருமடங்காகி 5 டாலரை எட்டிற்று. 1920-களின் நடுவிலோ வண்டியின் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கிற்று. கூலி ஏறியும் விலை இறங்கியதற்குக் காரணம், ஒரு மணி உழைப்பின் விளைவு பன்மடங்கு பெருகியமையே.

இனி, இசையரங்கை நோக்குவோம். ஐவர் கூடி அரைமணி வாசிக்கும் இசைக்கோவைக்கு இரண்டரை மணி உழைப்பு வேண்டும். நூறாண்டு கழிந்தாலும் அது குறையாது. இருமடங்கு விரைவில் வாசித்தால் அது இசையாகாது. ஆயினும், ஆலைக் கூலி உயர உயர, கலைஞரின் ஊதியமும் ஓரளவேனும் உயராவிடில் அத்தொழிலுக்கு ஆள் வரார். ஆகவே கச்சேரியின் செலவு ஏறியே தீரும். நிகழ்கலைகளின் கணக்குகளை ஆராய்ந்து இவ்வுண்மையை 1966-இல் விளக்கியவர்கள் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்னும் பொருளாதார அறிஞர்கள். கல்வி முதலிய பணிகளுக்கும் இது பொருந்துமென்று பாமல் அடுத்த ஆண்டே எடுத்துக்காட்டினார்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இது பழகிய அனுபவமே. சோப்பும் மின்விசிறியும் எங்கும் ஏறக்குறைய ஒரே விலை. முடிதிருத்தும் கூலியோ, சொந்தக் கிராமத்தில் ஒன்று, மும்பையில் வேறொன்று. கத்தரிக்கோலும் கைத்திறனும் ஒன்றே. கடை வாடகை ஒருபுறமிருக்க, அத்தொழிலாளி அந்நகரில் வேறு வேலைக்குச் சென்றால் பெறக்கூடிய ஊதியமே இவ்வேறுபாட்டை உண்டாக்குகிறது.

எனவே, கட்டணம் உயர்ந்ததும் எல்லாம் பேராசையே என்று முடிவுகட்டலாகாது. பேராசையும் வீண்செலவும் உள்ள இடத்தில் அவற்றைக் கண்டிக்க வேண்டியதே. ஆனால் ஓர் ஆசிரியரிடம் முப்பது மாணவருக்குப் பதிலாக அறுபது பேரை அமர்த்திச் சிக்கனம் செய்தால், செலவோடு கல்வியும் குறையும். ஆலைகள் பொருளை மலிவாக்கி நமக்கு மிச்சப்படுத்தித் தருவதிலிருந்தே ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் உரிய ஊதியத்தை நாம் கொடுக்க இயலும், கொடுக்கவும் வேண்டும்.