24 வயதோடு நிற்கும் அறிவுரை

அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2018 மார்ச்சில் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. வெளிர்நிறத் தோலுடைய 6 மாதக் குழந்தை முதல் 24 வயதினர் வரை அனைவருக்கும், சிறுவர்களானால் பெற்றோருக்கும், வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து காத்துக்கொள்ளும் வழியை மருத்துவர் எடுத்துச்சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இதற்குத் தரப்பட்டது 'பி' தரம். வயது 24-ஐத் தாண்டியவருக்கு 'சி'தான். ஆளைப் பார்த்து, தேவைப்பட்டால் சொல்லலாம். 2012-இன் பரிந்துரையில் கீழ்வரம்பு 10 வயதாக இருந்தது. அது இறங்கியது, மேல்வரம்பு அசையவில்லை.

ஓர் எழுத்துதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2010-ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டப்படி, 'ஏ', 'பி' தரம் பெற்ற தடுப்புச் சேவைகளுக்கே பெரும்பாலான காப்பீடுகள் நோயாளியிடம் கட்டணம் வாங்காமல் செலவை ஏற்க வேண்டும்.

பணிக்குழுவின் வாதம் இரண்டு கண்ணிகளைக் கோத்தது: அறிவுரையால் பழக்கம் மாறும், பழக்கம் மாறினால் தோல் புற்றுநோய் குறையும். முதற்கண்ணிக்கான சான்று இளையோரிடம் வலுவாக உள்ளது. புற்றுநோய் என்றால் அசையாத பதின்வயதினர், தோற்றம் கெடும் என்றால் காது கொடுக்கிறார்கள். புற ஊதாப் படக்கருவியில் தம் கன்னத்தில் அதுவரை கண்ணுக்குப் படாத கரும்புள்ளிகளைப் பார்த்தவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடுகிறது.

இரண்டாம் கண்ணியோ வேறு வயதினரிடமிருந்து வருகிறது. அதன் முதன்மைச் சான்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள நம்பூர் என்ற ஊரில், அடேல் கிரீன் குழுவினர் 1992 முதல் 1996 வரை நடத்திய சோதனை. பங்கேற்ற 1,621 பேரும் 25 முதல் 75 வயதினர். ஒரு பிரிவினர் தினமும் தலை, கழுத்து, கைகளில் சன்ஸ்கிரீன் பூசினர், மறுபிரிவினர் விருப்பம்போல். தினமும் பூசியவர்களிடம் செதிள் செல் புற்றுக்கட்டிகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன. அடித்தளச் செல் புற்றில் வேறுபாடில்லை. சோதனை முடிந்து பத்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் தினமும் பூசியவர்களில் 11 பேருக்கும், மறுபிரிவில் 22 பேருக்கும் வந்திருந்தது. புள்ளியியல் நோக்கில் இது விளிம்பில் நிற்கும் முடிவு. ஆனாலும் இத்துறையில் இதற்கு ஈடாக வேறொன்றைக் காட்டுவது கடினம்.

ஆக, பூசினால் பலன் உண்டு என்று எந்த வயதினர் நிரூபித்தார்களோ, அவர்களுக்கே 'சி' தரம். இளமையில் பட்ட வெயில்தான் அதிகக் கேடு என்பார்கள். சரியே, ஆனால் அது இளமையில் தொடங்கச் சொல்லும் காரணமே தவிர, 24-இல் நிறுத்தச் சொல்லும் காரணமன்று. அந்த இளமையும் 24-இல் முடிந்துவிடுவதில்லை: தோலைப் பழுப்பாக்கும் புற ஊதா விளக்குப் படுக்கைகளை 35 வயதுக்குள் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா ஆபத்து கூடுகிறது என்பதும் தெரிந்ததே.

பணிக்குழுவின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. நம்பூரில் சோதிக்கப்பட்டது அறிவுரையன்று. சன்ஸ்கிரீன் இலவசமாகக் கையில் தரப்பட்டது. திரும்பி வந்த பாட்டில்களை எடைபோட்டு, பூசினார்களா என்று பார்த்தார்கள். பத்து நிமிடப் பேச்சு அதற்கு ஈடாகாது. (இப்பரிந்துரை வெளிர்நிறத் தோலுக்கு மட்டுமானது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கருநிறத் தோலில் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் மெலனோமாவுக்கு வெயில் முக்கியக் காரணமன்று. இதே அறிவுரையை நம் மருத்துவமனைகளில் அப்படியே ஒப்பிப்பதில் பொருளில்லை.)

எனவே கேள்வியை நேராகச் சோதிக்கலாம். குடும்ப மருத்துவரிடம் வரும் 25 வயதுக்கு மேற்பட்ட வெளிர்நிறத் தோலினரில் ஒரு பிரிவுக்கு அறிவுரை மட்டும், மறுபிரிவுக்கு அறிவுரையோடு இலவச பாட்டிலும் தரலாம். முதற்பிரிவினரும் வாங்கிப் பூசினார்கள் என்றால் 'சி' தரத்தைத் திருத்த வேண்டும். இரண்டாம் பிரிவினர் மட்டுமே பூசினார்கள் என்றால், காப்பீட்டின் பணம் பேச்சைவிட பாட்டிலுக்குப் போகட்டும்.