மேலதிக ஆசனமும் மூன்றிலிரண்டும்

1977 பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றது ஏறத்தாழ 51 சதவீத வாக்குகள். கிடைத்ததோ 168 ஆசனங்களில் 140. சுமார் 30 சதவீதம் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டே ஆசனங்கள். அந்நிலையைத் தவிர்க்கவே 1978 அரசியலமைப்பில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் சேர்க்கப்பட்டது எனக் கூறப்பட்டது. ஆனால் அதனைக் கொண்டுவந்த அதே சபை 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பினால் தனது ஆயுளை நீடித்துக்கொண்டமையால், முதலாவது விகிதாசாரப் பொதுத்தேர்தல் 1989 இலேயே நடைபெற்றது.

அதற்கு முன்னர், 1988 இல் 15 ஆவது திருத்தம் வெட்டுப்புள்ளியை 12.5 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தது. முஸ்லிம் காங்கிரஸ் போன்ற சிறிய கட்சிகளுக்கு வழிதிறந்தது அதுவே. அக்கட்சியே 2010 இல், ஜனாதிபதியின் பதவிக்கால வரம்பை நீக்கிய 18 ஆவது திருத்தத்துக்கு எதிரணியிலிருந்து சென்று வாக்களித்தது! தேர்தலில் 144 ஆசனங்கள் பெற்ற அரசாங்கத்துக்கு அன்று 161 வாக்குகள் கிடைத்தன.

2024 இல் கட்சி தாவலே தேவைப்படவில்லை. சுமார் 62 சதவீத வாக்குகளுடன் தேசிய மக்கள் சக்தி 225 இல் 159 ஆசனங்களைப் பெற்றது. மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிகமாக ஓர் ஆசனம் வழங்கப்படுகிறது. 22 மாவட்டங்களில் 21 இல் அது அக்கட்சிக்கே சென்றது. தொகுதி முறைக்குத் திரும்புவது பற்றிப் பேசுவதற்கு முன்னர் இந்த மேலதிக ஆசனத்தை நீக்குவது குறித்தே ஆராய வேண்டும் என்பது எமது நிலைப்பாடாகும்.